முற்பணத் தாவரவியல்

தோட்டவெளி என்ற ஊரின் பெயரிலேயே தோட்டம் இருந்தாலும், நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மன்னார்த் தீவின் மணலில் முற்றத்தைப் பச்சையாக வைத்திருப்பது எளிதன்று என்பதைப் பனையும் உடைமரமும் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. அதைக் காதில் போட்டுக்கொள்ளாத ஒரே உயிரினம், தோட்டம் அமைத்துத் தருவதாகச் சொல்லும் போலிக் கொந்தராத்துக்காரர். கார்த்திகை மாரியில் எதை ஊன்றினாலும் பச்சை தெரியும் என்பதை நன்கறிந்த அவர், ஒரு லோட் செம்மண் என்று கணக்கெழுதி அரை லோட் கொட்டி, மணலின்மேல் வர்ணம் பூசுவதுபோல் இரண்டு விரற்கிடைக்குப் பரப்பி, புற்றட்டுகளை, அதாவது வேரோடு வெட்டியெடுத்த சதுரப் புல்லை, அதன்மேல் அடுக்கி, முற்பணத்தோடு மீதியையும் வாங்கிக்கொண்டு, தை பிறந்து வெயில் ஏறுமுன் தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிடுகிறார். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், தகுந்த கவனத்தோடும் திறமையோடும் சேவை வழங்கப்படும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் சொல்லாமலே அடங்கியிருப்பதாகக் கொள்கிறது. இவரிடம் சொன்னதே அடங்குவதில்லை, பற்றுச்சீட்டு இல்லாத இடத்தில் சட்டமும் வாடிய புல்லைப் பார்த்தபடி நிற்கவேண்டியதுதான். இதே தீவின் பள்ளிமுனையில் உள்ள பெருக்கமரத்தை அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வதுண்டு. நூற்றாண்டுகள் கடந்து நிற்கும் அதற்கு அவர்கள் முற்பணம் கேட்டதாக எந்தச் செவிவழிச் செய்தியும் இல்லை.