அப்படியே விட்டுட்டேன்

சுருள்நாயகியை நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். லிஃப்டில், ஆபீஸ் காபி மிஷின் பக்கத்தில், ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில். முதலில் முடி வரும். பிறகுதான் அவள் வருவாள். "முடி சூப்பரா இருக்கே" என்று யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதான், தோளை லேசாகக் குலுக்கி, "ஒண்ணும் பண்றதில்ல, நேச்சுரலா அப்படியே விட்டுட்டேன்" என்பாள்.

அந்த 'அப்படியே விட்டுட்டேன்' எவ்வளவு பெரிய வேலை என்பது அவளோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு 'வாஷ் டே'. அன்று வீட்டில் ஒரு குளியலறை குறைவு என்று மற்றவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இட்லிக்கு முன் உள்ளே போனவள் சாம்பார் கொதிக்கும் நேரத்துக்கு வெளியே வருவாள், அதுவும் பாதி வேலையோடு. முதலில் எண்ணெய். அப்புறம் சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ, உச்சந்தலைக்கு மட்டும். அப்புறம் கண்டிஷனர், ஊரார் காசளவு எடுப்பதை இவள் கைநிறைய எடுப்பாள். அது தலையில் இருக்கும்போதே சிக்கெடுத்துவிட வேண்டும். சீப்புக்கு வாரத்தில் இந்த ஒரு வேளைதான் அனுமதி, அதுவும் அகலப் பல் சீப்புக்கு. பிறகு குனிந்து, முடியை முன்னால் தொங்கவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஜெல்லைத் தடவி, உள்ளங்கையில் ஏந்தி ஏந்தி மேல்நோக்கிக் கசக்குவாள். இதற்கு ஸ்கிரஞ்சிங் என்று பெயர். சளக் சளக் என்று சத்தம் வந்தால்தான் ஈரம் போதும் என்று அர்த்தம். இதற்குள் அப்பா இரண்டு முறை கதவைத் தட்டி, மோட்டார் போட வேண்டுமா என்று கேட்டிருப்பார்.

துண்டு கூடாது. துண்டின் நூல் முடியைச் சிலுப்பிவிடுமாம். அதனால் அப்பாவின் பழைய பருத்தி டி-ஷர்ட்டைக் கட்டிலில் விரித்து, அதன்மேல் தலையைக் கவிழ்த்து, சட்டைக் கைகளைப் பிடரியில் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொள்வாள். இந்தக் கோலத்தில் கதவைத் திறந்தால் கூரியர்காரர் ஓடிபி கேட்க மறந்துவிடுவார். அதற்கு அப்புறம் டிஃப்யூசர் மாட்டிய டிரையர், குறைந்த சூட்டில். காயக் காய முடி விறைத்துப் போகும். தட்டினால் சத்தம் வரும். அந்த நிலையில் தொடவே கூடாது. முழுக்கக் காய்ந்தபின் நான்கு சொட்டு எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு கசக்கினால் விறைப்பு உதிர்ந்து சுருள் மிருதுவாகிவிடும். அப்போது வெளியே காபி வேளை தாண்டியிருக்கும்.

"ஏண்டி, மணி நாலாச்சு, இன்னும் தலை வாரலையா?"

"வாரக் கூடாதும்மா."

"அப்ப காலையிலேர்ந்து என்னடி பண்ணிக்கிட்டிருந்தே?"

அம்மாவின் இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் உண்டு. ஆனால் அது நியூயார்க்கிலிருந்து தொடங்கும். அங்கே முடிதிருத்தகம் நடத்திய லொரெய்ன் மாஸி என்ற பெண்மணி 2001-இல் 'கர்லி கேர்ள்' என்றொரு புத்தகம் எழுதினார். சுருட்டை முடியைக் காயவைத்தபின் வாராதே, அடிக்கடி ஷாம்பூ போடாதே, அதிகச் சூடு காட்டாதே, சல்ஃபேட்டும் சிலிகோனும் சேர்க்காதே என்பது அதன் சாரம். எந்த மார்க்கத்திலும் நிறுவியவரைவிடப் புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் கண்டிப்பானவர்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஷாம்பூ அலமாரி முன்னால் ஒரு பாட்டிலின் பின்பக்கத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் பத்து நிமிடம் படித்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள் என்றால் அவளேதான். டைமெதிகோன், அமோடைமெதிகோன் என்று 'கோன்' என்று முடியும் எதையும் அவள் தலையில் ஏற்றுவதில்லை. அந்த அளவில் அவள் முழுக் குடியரசுவாதி.

ஜாதகத்தை நம்பாதவள்தான். ஆனால் இன்னொரு சுருட்டைத் தலையைப் பார்த்ததும், சம்பந்தி வீட்டார் ராசி நட்சத்திரம் விசாரிப்பதுபோல் விசாரிப்பாள். "நீங்க என்ன டைப்? நான் 3பி, லோ போராசிட்டி." ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகை அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் தலைமுடியை ஒன்று முதல் நான்கு வரை எண் கொடுத்து வகைப்படுத்தி 1997-இல் தன் புத்தகத்தில் வெளியிட்டார். நேர்முடி ஒன்று, அலைமுடி இரண்டு, சுருள்முடி மூன்று, நெருக்கிச் சுருண்டது நான்கு. அதற்குள் ஏ, பி என்று உட்பிரிவுகள். நம் ஊரில் உட்பிரிவுகள் என்று வந்துவிட்டால் சொல்ல வேண்டுமா? 3ஏ, 3பியைக் கொஞ்சம் மேலே நிமிர்ந்து பார்க்கிறாள். 2பி தன்னைச் சுருள் என்று சொல்லிக்கொண்டால் 3பிக்குப் பிடிப்பதில்லை. போராசிட்டி என்பது முடி எவ்வளவு ஈரத்தை உள்ளே விடும் என்ற கணக்கு. அதை அறிய ஒரு தம்ளர் தண்ணீரில் ஓர் இழையைப் போட்டு, மிதக்கிறதா முங்குகிறதா என்று பார்ப்பாள். முடியில் துளி எண்ணெய் ஒட்டியிருந்தாலே மிதக்கும் என்பதை அவளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிப் பார்த்தேன். எனக்கு முன்தலை காலியாகிப் பல காலம் ஆகிறது என்ற ஒரே காரணத்தால் என் கருத்து ஏற்கப்படவில்லை.

இத்தனை கேலிக்கும் அவள் பொருத்தமானவள்தான். ஆனாலும் அவள் எங்கிருந்து இங்கே வந்தாள் என்று பார்த்தால் கேலி செய்யும் வாய் கொஞ்சம் அடங்கும்.

மூன்றாம் வகுப்பில் அவள் பெயர் சாய்பாபா. ஆறாம் வகுப்பில் நூடுல்ஸ். நடுவில் குருவிக்கூடு. 1977-இல் வந்த '16 வயதினிலே'யில் ரஜினிகாந்தின் பாத்திரத்துக்குப் பரட்டை என்று பெயர் வைத்தாலும் வைத்தார்கள், அந்தப் படம் வந்தபோது பிறந்திராத பிள்ளைகள்கூட அந்தப் பெயரால் கூப்பிடப்பட்டார்கள். தினமும் காலையில் அம்மா இரண்டு முழங்கால்களுக்கு நடுவே அவளை உட்கார வைத்து, கை நிறைய எண்ணெய் வைத்து, பேன் சீப்பால் உச்சியிலிருந்து கீழே இழுப்பாள். சுருட்டை முடியை உலர்ந்த நிலையில் உச்சியிலிருந்து வாரினால் சிக்கு நுனியில் போய் இறுகும்; நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏற வேண்டும். இதை அம்மாவுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அலறல் கேட்டு எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "மொட்டை போட்டா நேரா வளரும்" என்பாள். போட்டார்கள். சுருளாகத்தான் வளர்ந்தது. முடியின் வடிவம் தோலுக்கு அடியில் வேர்க்குழியின் வளைவில் தீர்மானமாவது. மேலே என்ன சிரைத்தாலும் கீழே அச்சு அப்படியேதான் இருக்கும்.

காலேஜ் முடிந்து வேலைக்குப் போனதும் பார்லர். அங்கே உட்கார்ந்ததுமே முடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "என்ன மேடம் இவ்வளவு டிரையா வெச்சிருக்கீங்க, ஸ்மூத்தனிங் பண்ணிடலாமா?" என்பார்கள். சுருட்டை முடி வறண்டுதான் இருக்கும். தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை நேர்முடியில் சறுக்கிக்கொண்டு இறங்கிவிடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் தேங்கி நின்றுவிடும். அது முடியின் குற்றமும் இல்லை, அவள் குற்றமும் இல்லை. ஆனால் அவள் தலையாட்டினாள். மருந்து முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்தது, இரும்பு அதை நேராக்கியது, முதல் சம்பளம் போனது. சில மாதங்களில் வேரிலிருந்து சுருள் மறுபடி எட்டிப் பார்த்தது: மேலே சுருள், கீழே கோரை. அந்தத் தலையோடுதான் அக்கா கல்யாண ஆல்பத்தில் நிற்கிறாள். அந்தப் பக்கம் வந்தால் இன்றைக்கும் வேகமாகப் புரட்டிவிடுவாள்.

2015-இல் 'பிரேமம்' வந்தது. மலையாளப் படம், சென்னையில் மாதக்கணக்கில் ஓடியது. ஆண்கள் எல்லாரும் மலர் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சுருள்நாயகிகள் மேரியாக வந்த அனுபமா பரமேஸ்வரனின் முடியை மட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்படி ஒரு தலையைக் கதாநாயகியாக வைத்துப் படம் எடுக்கலாமா, அதை வாராமலேயே விடலாமா என்று அசந்து போனார்கள். நம் சினிமாவில் அதுவரை விரித்த சுருட்டை முடி பெரும்பாலும் பேய்க்குத்தானே கிடைத்திருந்தது!

இப்போது அவளுக்கு உலகமே சுருளாகத் தெரிகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் எல்லாரும் நடராசர் முன்னால் நிற்பார்கள். அவள் நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளை விட்டு நகர மாட்டாள். "டெஃபினிஷன் பாரேன், ஒரு ஃபிரிஸ் இல்லை!" உலகத்தையே துறந்தவரின் தலையில் அவள் கண்டது அவ்வளவுதான். துறவு பூண்ட நாளில் வாளால் அரிந்தபோது இரண்டு விரற்கடை நீளம் எஞ்சி வலமாகச் சுருண்ட முடி, ஆயுள் முழுக்க அப்படியே நின்றது என்று பௌத்தக் கதை சொல்கிறது. இதைச் சொன்னதும் அவள் கண்ணில் ஏக்கம் வந்தது. வாஷ் டேயே இல்லாத வாழ்க்கை! சங்கப் புலவர்கள் பெண்களின் கூந்தலுக்கு ஆற்று மணலில் நீர் ஓடி வரிவரியாகப் படிந்த அறலை உவமை சொன்னார்கள் என்றேன். ஒரு கணம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "அது 2பி" என்றாள்.

அவள் கொஞ்சம் தடுமாறுவது அம்மாவைப் பெற்ற அம்முச்சியிடம்தான். கோபிசெட்டிபாளையத்திலிருந்து அம்முச்சி வந்திருந்த வாரத்தில் இவள் அடுப்பில் ஆளி விதையைக் கொதிக்கவைத்து ஜெல் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சூடாக இருக்கும்போதே வடிகட்டிவிட வேண்டும். ஆறினால் கெட்டியாகித் துணியில் இறங்காது. அம்முச்சி கிட்டே வந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது எதுக்கு கண்ணு, சாப்பிடறதுக்கா?"

"தலைக்கு, அம்முச்சி. முடிக்குப் பிடிப்புக் குடுக்கும்."

"செம்பரத்தித் தழைய நசுக்கிப் போட்டா இதே கொழகொழப்புத்தானே வரும்? நாங்க அரப்புப் போட்டுத்தான் தேய்ச்சோம். கண்ணுல பட்டா எரியும், அது ஒண்ணுதான்."

உசில் மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பொடிதான் அரப்பு. அழுக்கை எடுக்கும், எண்ணெய்ப்பசையை மொத்தமாக உரிக்காது. நியூயார்க் புத்தகம் சுற்றிச் சுற்றித் தேடுவதும் அப்படி ஒன்றைத்தான். சுருள்நாயகி பேசாமல் அம்முச்சியின் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தாள். ஐம்பது அறுபது வருஷம் எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்திருந்ததற்குள்ளிருந்து சுருள் சுருளாக இறங்கியது.

"அம்முச்சி, உங்களுக்கு 3ஏ!"

"அதென்ன கண்ணு, ரேசன் கார்டு நெம்பரா?"

அம்முச்சியை வெல்லலாம், சென்னையை வெல்ல முடியாது. ஐப்பசி பிறந்ததும் காற்றில் ஈரம் ஏறும். முடிக்குள் நீர் பட்டால் அவிழ்ந்து மறுபடி கட்டிக்கொள்ளும் மெல்லிய பிணைப்புகள் உண்டு. அதனால்தான் மழைக்காலத்தில் ஒவ்வோர் இழையும் தனக்குத் தோன்றிய பக்கம் கிளம்புகிறது. கிளிசரின் கலந்த கிரீம் போட்டிருந்தால் அது காற்றின் ஈரத்தையும் உறிஞ்சித் தலைக்கு ஏற்றும். தண்ணீர் வேறு. போர்வெல் தண்ணீரின் உப்பு முடியில் படிந்து சுருளைக் கல்லாக்கும். மேலே வெயில், கீழே உப்பு, நடுவில் ஹெல்மெட். இருசக்கர வாகனத்தில் ஆபீஸ் போய் இறங்கும் சுருள்நாயகியின் முகத்தைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீணானது தெரியும். பையிலிருந்து ஸ்பிரே பாட்டிலை எடுத்துக்கொண்டு ரெஸ்ட்ரூமுக்குப் போவாள். திரும்பி வந்து, யாராவது பாராட்டினால், சொல்வாள்: "அப்படியே விட்டுட்டேன்."

சுருள்நாயகர்களும் உண்டு. லாக்டவுனில் வளர்ந்த முடியைப் பார்த்து, தனக்குச் சுருட்டை என்று முப்பது வயதில் கண்டுபிடித்தவர்கள். அக்கா தங்கையின் ஜெல்லைக் கேட்காமல் எடுப்பதைத் தவிர இவர்களைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அவளுடைய பெரிய பலவீனம், ஆள் சேர்ப்பது. மின்சார ரயிலில் எதிரே முடியை இறுக்க வாரிப் பின்னலிட்ட பெண்மணியின் காதோரத்தில் நாலு இழை வளைந்து நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும். கிண்டி வருவதற்குள் பேச்சுக் கொடுத்துவிடுவாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க, உங்களுது வேவி. வாரி வாரித்தான் தெரியாம போயிடுச்சு." அந்த அக்கா மாம்பலத்தில் இறங்குவதற்குள் எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்று இரண்டு பட்டியல் அவர் போனில் ஏறியிருக்கும்.

என்னைக் கேட்டால் அவள் சொல்லும் அந்த 'அப்படியே விட்டுட்டேன்' பொய்யில் தவறே இல்லை. பிறரைப் பார்த்து நேராக்கச் செலவிட்ட காசையும் நேரத்தையும் இப்போது தனக்குப் பிடித்தபடி செலவழிக்கிறாள். கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு அரப்பாலும் வந்திருக்கலாம், ஆளி விதையாலும் வந்திருக்கலாம்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். அவளைப் பார்த்தால் தாராளமாகப் பாராட்டுங்கள், எந்த ஜெல் என்று கேளுங்கள், நேரம் இருந்தால் பதிலையும் கேளுங்கள். "ஸ்பிரிங் மாதிரி இருக்கே" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி ஒரு சுருளை இழுத்துப் பார்க்க மட்டும் செய்யாதீர்கள். அடுத்த வாஷ் டே ஞாயிற்றுக்கிழமைதான்.