அத்தையும் 250 டன் உருண்டையும்

அமெரிக்கா அத்தை நாளை விமானம் ஏறுகிறார் என்றால் இன்று மாமல்லபுரம் போயே தீரவேண்டும் என்பது குடும்பச் சட்டம். வேனில் புளியோதரை, வாட்டர் கேன், யாருக்கும் அடங்காத வாண்டுகள். கடற்கரைக் கோயில் உள்ளிட்ட சின்னங்களை யுனெஸ்கோ 1984-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம்மவர்கள் செல்ஃபிக்குப் பின்னணியில் சேர்த்தார்கள். சுமார் 250 டன் என்று சொல்லப்படும் வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குவதுபோல் அத்தை போஸ் கொடுத்தார். கைதான் அங்கே, கவனமெல்லாம் பெட்டியில்: ஒன்றுக்கு 23 கிலோதான். அதற்குள் சித்தப்பா கல் பிள்ளையார் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்து, "சின்னதுதான்க்கா, ஹேண்ட்பேக்ல வெச்சுக்கோ" என்றார். நாலு கிலோ! பருப்புப்பொடியும் வடகமும் மாவடுவும் ஏற்கெனவே இடம் பிடித்தாயிற்று. உறவினர்களே, அடுத்த முறை ஊர் சுற்றிக் காட்டப் புறப்படும்போது ஒரு தராசையும் வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.