தலை தப்பாத புத்தர்கள்

752ஆம் ஆண்டு ஜப்பானின் நாரா நகரில், சுமார் 50 அடி உயர வெண்கலப் புத்தரை உட்கார வைத்துவிட்டுக் கண் திறக்க ஆள் தேடினார்கள். அகப்பட்டவர் இந்தியாவிலிருந்து போயிருந்த போதிசேனர். அவர் கையில் தூரிகை. தூரிகையில் நீளக் கயிறுகள். கூடியிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், புண்ணியத்தில் பங்கு விட்டுப்போகக் கூடாதே!

855இல் நிலநடுக்கம், தலை கழன்று விழுந்தது. எடுத்து வைத்தார்கள். 1180இலும் 1567இலும் போர், மண்டபமே எரிந்தது. கொளுத்தியதும் அவர்களே, மறுபடி வார்த்ததும் அவர்களே. இரண்டாம் முறை மட்டும் கொஞ்சம் மெத்தனம், கிட்டத்தட்ட நூறு வருஷம் சாமி மழையில் நனைந்தார். ஆனாலும் புத்தர் புத்தராகவே இருந்தார்.

நம் பக்கம் அந்த உத்தரவாதம் கிடையாது. பாலக்காட்டிலிருந்து தெற்கே இறங்கினால் அம்பலப்புழைக்குப் பக்கத்தில் கருமாடி. அங்கே சுமார் 3 அடிக் கருங்கல் புத்தர்; இடப்பக்கம் மொத்தமாகக் காணோம். கேட்டால் யானை உடைத்தது என்பார்கள். வாய் திறந்து மறுக்காது என்ற தைரியம்! ஊரார் செல்லமாக ‘கருமாடிக்குட்டன்’ ஆக்கிவிட்டார்கள். கொச்சித் துறைமுகம் கட்ட வந்த வெள்ளைக்கார என்ஜினியர் ராபர்ட் பிரிஸ்டோதான் 1930களில் குட்டனைக் காப்பாற்ற முன்வந்தார். 1965இல் தலாய் லாமாவே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பாலக்காட்டிலிருந்து கிழக்கே வாளையார் தாண்டி, சேலம் பெரியேரிக்குப் போனால் கதை இன்னும் முற்றும். தாமரைப் பீடம், மடியில் தியானக் கை, சுருள் முடி, தொங்கும் காது, சந்தேகமே வேண்டாம், புத்தர்தான். துண்டான தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் குழைத்து ஒட்டிய புண்ணியவான் ரசமட்டம் பார்க்கவில்லை. தலை இடப்பக்கம் சாய்ந்தபடியே இறுகிவிட்டது. பெயர் தலைவெட்டி முனியப்பன். கொல்லாமை சொன்னவருக்குக் கிடைத்த பட்டத்தைப் பாருங்கள்!

என்னைக் கேட்டால் முனியப்பனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். முனி என்ற பயம் இருந்ததால் மாலையும் பூசையும் நடந்தன. வெறும் புத்தராக இருந்திருந்தால் யார் வீட்டிலாவது துணி துவைக்கிற கல்லாகியிருப்பார்.

2011இல் இந்தச் சிலை பற்றி வழக்கு போனது. சென்னை உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையை விட்டு ஆராயச் சொன்னது. 2022 ஜூலையில் தீர்ப்பு: இவர் புத்தரே, இடத்தைத் துறை எடுத்துக்கொள்ள வேண்டும், ‘புத்தர் சிலை’ என்று பலகை வைக்க வேண்டும், யாரும் வந்து பார்க்கலாம், பூசை மட்டும் கூடாது.