முன்பதிவு வேண்டாத முகாம்

சனிக்கிழமை வந்தால் போதும், ஓசூர், பெங்களூர் பக்கமிருந்து கார் டிக்கியில் கூடாரத்தோடு தம்பிகள் வந்து இறங்குகிறார்கள். "அண்ணா, பர்மிட், புக்கிங் எதுவும் இல்லாம கேம்ப் போட எங்கயாவது எடம் இருக்கா?"

வனத்துறைப் பக்கம் போகாதே தம்பி. 2018 மார்ச்சில் குரங்கணித் தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறை வந்துவிட்டது. 2024 அக்டோபரிலிருந்து 40 பாதைகளுக்கு இணையத்திலேயே பணம் கட்டிப் பதிவு செய்யலாம். அது நியாயம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நீ கேட்ட மாதிரி இடம் ஊத்தங்கரையிலேயே இருக்கிறது. பாம்பாறு அணை முகாம் எங்கே என்று கேள், வழி சொல்வார்கள். இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் அலையலையாகக் கடல் தாண்டி வந்த தமிழர்களுக்காக மாநிலம் முழுக்க நூற்றுச் சொச்சம் முகாம்கள் போட்டார்களே, அதில் ஒன்று. யாரும் முன்பதிவு செய்துகொண்டு வரவில்லை. குண்டு விழுகிற நேரத்தில் தேதி பார்த்து அறை எடுக்க முடியுமா?

நீ போடுவது இரண்டு நாள் கேம்ப். அவர்களுடையதும் தற்காலிகம்தான். அந்தத் தற்காலிகத்தில் பேரன் பேத்தி பிறந்தாயிற்று. 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பலகையை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பணக்கொடையும் ஏறியது: குடும்பத் தலைவருக்கு மாதம் 1500, மற்றப் பெரியவர்களுக்கு 1000, பிள்ளைக்கு 500. புது வீடுகளும் அறிவித்தார்கள், பல ஊர்களில் கட்டியும் கொடுத்தார்கள். பெயரும் கூரையும் மாறின, முகாம் முகாமாகவே இருக்கிறது.

பர்மிட் விஷயத்துக்கு வருகிறேன். உனக்குக் காட்டுக்குள் போகத்தான் அனுமதி வேண்டும். அவர்களுக்கு வெளியே போய்த் தங்க அனுமதி வேண்டும். தணிக்கை நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பணத்தில் கை வைப்பார்கள். கல்யாணமோ சாவோ, அதிகாரிகள் தலை எண்ண வரும் தேதியைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

தில்லிக்கு இந்த அதிகாரிகளைவிட நல்ல கண் பார்வை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான் தெரிந்தது, வங்கதேசம் தெரிந்தது, ஆப்கானிஸ்தான்கூடத் தெரிந்தது. தனுஷ்கோடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடக்கும் இலங்கை மட்டும் தெரியவில்லை! கோயில் கட்டிக் கும்பிட்டவரும், மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றியவரும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றே: இல்லாதவர்கள். இந்த மண்ணில் பிறந்த பெரும்பாலான பிள்ளைகளுக்கும் பெற்றோரின் 'சட்டவிரோதக் குடியேறி' பட்டம்தான் குலச்சொத்து.

2025 மே மாதம், தண்டனைக் காலம் முடித்த ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா சத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள். சரியான வார்த்தை. சத்திரத்துக்கு வந்தவனைக் கதவில் நிறுத்தித் தலை எண்ண மாட்டார்கள், புறப்படுகிறவனைப் பிடித்துவைக்கவும் மாட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு மனம் இளகியது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டனை கிடையாதாம். நாற்பது வருஷம் காத்திருந்ததற்குப் பரிசு: ஜெயில் இல்லை. குடியுரிமையும் இல்லை.

வா தம்பி, கூடாரத்தை இறக்கு. ஞாயிறு ராத்திரி பெங்களூர் திரும்ப வேண்டுமென்றால் இப்போதே ஒரு மனு எழுதிக்கொள். எதற்குப் போகிறாய், யாரோடு தங்குவாய், என்றைக்குத் திரும்புவாய், மூன்றையும் எழுது.