தோட்டா அண்ணன்

அம்பாங்கில் எந்த மாமாக் கடைக்குப் போனாலும் ஒரு தோட்டா அண்ணன் உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஏழெட்டுப் பை வைத்த பச்சைச் சட்டை, எதிரே ஆடை கட்டிப்போன தே தாரேக். நிஜத் துப்பாக்கி எதையும் அவர் இதுவரை தொட்டதில்லை. ஆனால் உலகத்தில் எந்தத் துப்பாக்கியின் பேரைச் சொன்னாலும் அதில் என்ன கோளாறு, எப்படித் திருத்தலாம் என்று சொல்லிவிடுவார்.

பரம்பரைப் பெருமை வேறு. "எங்க பெரியப்பா தோட்டத்துல தொரைக்குத் தோட்டாப் பை தூக்கினவரு." துரை காட்டுப்பன்றி சுடப் போவாராம், பெரியப்பா பின்னால் போவாராம். குடும்பத்துக்கும் வெடிமருந்துக்கும் இருந்த உறவு அந்தப் பையோடு சரி. மற்றதெல்லாம் யூடியூப் கொடுத்த கல்வி.

எங்கள் கடை அண்ணனை இப்போது பிடித்திருப்பது சேபோ. கவ்பாய் படங்களில், விசைக்குக் கீழே உள்ள இரும்பு வளையத்தைப் படக் படக்கென்று ஆட்டிச் சுடுவார்களே, அந்த ரகத் துப்பாக்கியில் கைத்துப்பாக்கித் தோட்டாவையே போட்டுச் சுடலாம். 44 மேக்னம் போட்டால் பக்கத்தில் இருப்பது எதுவும் தப்பாது. தூரம் போகப் போக அந்தக் கனத்த ரவை தொய்ந்து இறங்கும். டெக்சாஸ்காரனே இதைப் பொறுத்துக்கொண்டுதான் மான் வேட்டைக்குப் போகிறான். அண்ணனால்தான் பொறுக்க முடியவில்லை. ஒல்லியான ரவையை சேபோ என்கிற பிளாஸ்டிக் உறையில் பொதிந்து அதே குழலில் சுட வேண்டும் என்கிறார்.

"அண்ணன் சட்டையைத் தம்பி மாட்டிக்கிட்டு ஓடுற மாதிரிடா. வாசலைத் தாண்டினதும் சட்டை பறந்துடும், பையன் மட்டும் ஓடுவான்."

சரக்கில்லாத பேச்சு என்று தள்ளிவிட முடியாது. உறையின் அகன்ற அடியை வாயு முழுப் பலத்தோடு தள்ளும்; தள்ளப்படுவதோ எடை குறைந்தது; வேகம் எகிறும். ரெமிங்டன் கம்பெனி 1977-ல் ஆக்சலரேட்டர் என்று இதைக் கடையிலேயே விற்றது. பெரிய 30-06 தோட்டாவுக்குள் மூன்றரை கிராம் ரவை, வினாடிக்கு 1,200 மீட்டருக்கு மேல் வேகம். "ஒரு செகண்டுல இரட்டைக் கோபுரத்தை ரெண்டரை வாட்டி அளந்துடும்" என்று அண்ணன் சொன்னபோது நான் கைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

"பேருதான் நாற்பத்துநாலு, உள்ளபடி 0.429 அங்குலம்" என்பதை ரொட்டி சானாய் போடுகிறவரிடம்கூட விட்டுவைக்கவில்லை. அவரும் மாவை வீசியபடியே தலையாட்டினார். அடகுக் கடை வாசலில் பம்ப் துப்பாக்கியோடு நிற்கும் ஜாகாவிடம் போய், குழல் முனை எத்தனை குறுகல் என்று விசாரித்தார். "அடகு வைக்கணுமா, மீட்கணுமா?" என்று கேட்டாராம் அவர்.

ஆராய்ச்சியும் நடந்தது. ஈப்போ புந்தோங்கிலிருந்து வந்த கச்சாங் பூத்தே பொட்டலத்தில் நல்ல உருண்டையான கடலை ஒன்றைப் பொறுக்கினார். அதைத் தாளில் சுற்றி, பபிள் டீக்குக் கொடுக்கும் தடித்த உறிஞ்சு குழாயில் நுழைத்து, கன்னம் புடைக்க ஊதினார். தாளின் ஒரு பக்கம் விரிந்தது, மறுபக்கம் ஒட்டிக்கொண்டது. கடலை இடது பக்கம் திரும்பி, அடுத்த மேசை ஆசாமியின் மீன் கறியில் போய் விழுந்தது.

"பாத்தியா? உறை சமமா விரியல" என்றார் வெற்றிப் புன்னகையோடு. நிஜ சேபோவிலும் தலைவலி அதுவேதான்; இதழ்கள் ஒரே நேரத்தில் பிரியாவிட்டால் ரவையைத் தட்டிவிட்டுவிடும். அதோடு, பழைய மார்லின் 1894-ன் 44 மேக்னம் குழலில் உள்வரி ஒரு சுற்றுச் சுற்ற 38 அங்குலம் ஆகிறது. குட்டைத் தடி ரவைக்கு அந்தச் சுழற்சி போதும், நீண்ட ஒல்லி ரவை குட்டிக்கரணம் போடும். ரவையின் மூக்கைக் கூராக்கவும் வழியில்லை. குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும், ஒன்றின் மூக்கு முன்னதன் வெடிப்பொட்டில் முட்டிக்கொண்டு. கூராக இருந்தால் உள்ளேயே வெடிக்கலாம். இத்தனையும் அண்ணனே சொன்னவைதான். "அப்புறம் எதுக்குண்ணே?" என்றால், "தெரிஞ்சிக்கிறதுக்குத்தான்" என்கிறார்.

கடைக்கு எப்போதாவது இன்னொருவர் வருவார். ராணுவத்தின் கவசப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். போலந்திலிருந்து நாம் வாங்கிய 48 பெண்டேக்கார் டாங்கிகளில் ஒன்றில் இருந்தவர். அதன் 125 மில்லிமீட்டர் பீரங்கிக்கு சேபோ அம்பு அன்றாடச் சமாசாரம். அண்ணன் ஆவலோடு அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "சொல்லுங்க சார், சுடறப்ப எப்படி இருக்கும்?"

"சுட்டது கொஞ்சம்ங்க. துடைச்சதுதான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அவர் சம்பல் கேட்டார்.

44 மேக்னத்தை உலகமெல்லாம் வாய் பிளக்க வைத்த 'டர்ட்டி ஹேரி' 1971-ல் வந்தது. அதே 1971-ல்தான் நம் நாட்டில் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிச் சட்டம் போட்டார்கள். உரிமம் இல்லாமல் ஒன்று வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு ரோத்தான் அடி. அண்ணனுக்கு இரண்டும் மனப்பாடம். ஆறு என்று சொல்லும்போது மட்டும் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்.

போன மாதம் அவர் பேரன் இணையத்தில் ஜெல் உருண்டை சுடும் துப்பாக்கி ஒன்றை வரவழைத்துவிட்டான். பொம்மைதான், ஆனால் இங்கே போலித் துப்பாக்கிக்கும் சட்டம் இருக்கிறது. 5,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. பெட்டியைத் திறந்ததும் அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. கதவைச் சாத்தினார், திரையை இழுத்துவிட்டார், சுத்தியலை எடுத்தார். பையன் அழ அழ பொம்மை பொடியாயிற்று. அந்தப் பொடியை மூன்று பைகளில் கட்டி, மூன்று தாமானில் மூன்று குப்பைத் தொட்டிகளில் போட்டுவிட்டு வந்தார், இரவு பத்து மணிக்கு, தொப்பி வைத்துக்கொண்டு.

மறுநாள் காலை கடையில் பேச்சு சூடுபிடித்திருந்தது. ஜெல் உருண்டையை எத்தனை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்தால் நேராகப் பறக்கும் என்று அண்ணன் விளக்கிக்கொண்டிருந்தார்.