வெள்ளவத்தையில் குறுக்குவில் பழக விரும்புவோருக்கு

துரோணர் மரத்தில் ஒரு பொம்மைப் பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். மரம் தெரிகிறது, தம்பிமார் தெரிகிறார்கள், நீங்களும் தெரிகிறீர்கள் என்ற தருமரைத் தள்ளி நிற்கச் சொன்னார். பறவையின் தலை மட்டுமே தெரிந்த அர்ச்சுனன் தேறினான். பரீட்சை வெள்ளவத்தையில் நடந்திருந்தால் முடிவு தலைகீழ். இங்கே வில்லைத் தொடத் தகுதியானவர் தருமர் ஒருவர்தான். குறியைவிட மற்றதெல்லாம் கண்ணில் படவேண்டும்: யன்னல், உடுப்புக் கொடி, கொடிக்குப் பின்னால் கீழ்வீட்டு அன்ரி.

முதலில் தூரம். ஒலிம்பிக் வில்வித்தைக்கு 70 மீற்றர். இலக்குத் தாளின் குறுக்களவு 122 சென்ரிமீற்றர். அதை மாட்டும் பலகையை லிப்டில் ஏற்ற வாட்ச்சர் விடமாட்டார். குறுக்குவில்லுக்கு 10 மீற்றர் போட்டியும் உண்டு என்பது ஆறுதல். வாசற்கதவையும் குசினிக் கதவையும் திறந்து வைத்தால் 10 மீற்றர் தேறலாம். தவறிய அம்பு யாருடைய குசினியில் போய் நிற்கும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடல் பக்கம் எய்தால் யாருக்கும் தொல்லையில்லை என்று மரைன் டிரைவ்காரர் நினைப்பார்கள். கடலுக்கு முன்னால் தண்டவாளம் இருக்கிறது. கந்தோர் நேரத்தில் ரயில் கதவில் தொங்கியபடி போகிறவர்களும் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்காரருக்கு இந்த மயக்கமே வராது. அங்கே உங்கள் சுவர்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சுவர்.

இனி இலக்கு. வெறும் சுவரில் எய்தால் அம்பு முறியும், அல்லது உங்களிடமே திரும்பி வரும். மணல் மூட்டை அம்பை நிறுத்தும், ஆனால் முனையைத் தின்றுவிடும். பிரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்த ரெஜிபோமை நம்பாதீர்கள். இன்றைய குறுக்குவில்லின் அம்பு விநாடிக்கு 300 அடிக்கு மேல் போகும், ரெஜிபோம் இருந்ததே அதற்குத் தெரியாது. விஜயதசமிக்குக் கோயிலில் வெட்டும் மானம்பூ வாழை சிலருக்கு நினைவு வரும். அது வாளுக்குத் தோது, அம்புக்கு அல்ல. உள்ளே தண்ணீரும் காற்றறையும்தான். இறுக்கி அடுக்கிய போம் தகடுகள் நல்லவை. உராய்வினால் அம்பைப் பிடித்து நிறுத்தும். அந்த உராய்வின் சூட்டில் போம் இளகி அம்போடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தெடுக்க இரண்டு பேர் வேண்டும். அம்பின் தண்டில் சவர்க்காரம் பூசினால் ஒருவர் போதும்.

என் சிபாரிசு துணிச் சாக்கு. கனடாவிலிருந்து பெரியம்மா அனுப்பிய குளிர்ச்சட்டைகள் அலுமாரிக்கு மேலே சூட்கேசில் கிடக்கும். கொழும்பு வெயிலுக்கு அவற்றால் வேறு பயன் கிடையாது. சிப், பொத்தான் எல்லாவற்றையும் வெட்டியெடுத்துவிட்டு, அரிசிச் சாக்கில் உலக்கையால் இடித்து இறுக்குங்கள். இறுக்கம் போதாவிட்டால் அம்பு மறுபக்கம் வந்து எட்டிப் பார்க்கும். வேட்டைக்கான கத்தி முனையை இதில் எய்யக் கூடாது, சாக்கு கிழியும். அதோடு, வெள்ளவத்தையில் வேட்டைக்கு என்ன வேலை என்று பொலிசும் கேட்கும். சாக்கை மழையில் விடாதீர்கள். ஊறிய குளிர்ச்சட்டையின் நாற்றம் மூன்று மாடிக்குப் போகும்.

சாக்கு ஆயத்தம். அதற்குப் பின்னால் ஆளோ கதவோ யன்னலோ இல்லாத இடம் ஒன்றுதான் பாக்கி. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் அப்படி இடம் கிடையாது. ஆகவே வில்லை விற்று ஒரு கரம் போர்ட் வாங்குங்கள். 74 சென்ரிமீற்றர் சதுரப் பலகை, லிப்டிலும் ஏறும்.