காக்கிக்கு வந்த கேஸ்

? தப்பு செய்த போலீஸ்காரரை எஸ்.பி.யே டிஸ்மிஸ் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மதுரை ஹைகோர்ட் எதற்கு நடுவில்?
*திண்டுக்கல் வாசகர்*

! அனுப்பிய விதம் சரியா என்று பார்க்க. சார்ஜ் மெமோ கொடுத்தார்களா, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டார்களா, ஆதாரம் கொஞ்சமாவது இருக்கிறதா... அங்கே கேள்வி அவ்வளவுதான். ‘நான் அப்படிப்பட்ட ஆளே இல்லை’ என்று முதலிலிருந்து ஆரம்பிக்க அது அப்பீல் கோர்ட் இல்லை. ஆந்திர சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வழக்கில் 1963-லேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது. 2004-ல் மதுரைக் கிளை வந்ததில் நம்மூர்க்காரர்களுக்கு மிச்சம் சென்னை பஸ் கட்டணம், சட்டம் அதேதான்.

? கிரிமினல் கோர்ட்டே விடுதலை செய்த பிறகும் வேலை கிடையாதா?
*ஒட்டன்சத்திரம் வாசகர்*

! தென்காசி கதையைக் கேளுங்கள். 1999 ஜூலை, குற்றாலம் சீசன் பந்தோபஸ்துக்கு வந்த ஒரு கான்ஸ்டபிள், குடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் கணவரோடு நின்ற பெண்ணிடம் வம்பு செய்தார்; ‘என்னோடு வராவிட்டால் உன் புருஷன் மேல் கேஸ்’ என்று மிரட்டினார் என்பது புகார். துறை விசாரணையில் நிரூபணமாகி, 2000 ஜனவரியில் டிஸ்மிஸ். அதே வருஷம் கிரிமினல் கோர்ட்டில் தம்பதி பிறழ் சாட்சியாகிவிட, விடுதலை. ஹைகோர்ட்டும் அவர் பக்கம் சாய்ந்தது. 2012 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், ‘சாட்சி பல்டி அடித்துக் கிடைத்த விடுதலை கௌரவமான விடுதலை ஆகாது’ என்று டிஸ்மிஸ் உத்தரவையே நிலைநிறுத்தியது.

? அந்தத் தீர்ப்பால் பொதுஜனத்துக்கு என்ன லாபம்?
*வத்தலக்குண்டு வாசகி*

! நிறைய. பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், தியேட்டர்களில் மஃப்டியில் பெண் போலீஸ், கேமரா, ஹெல்ப்லைன் எல்லாம் வேண்டும் என்று அதில்தான் உத்தரவு. பஸ்ஸுக்குள் தொல்லை என்று பெண் புகார் சொன்னால், வண்டியை நேரே பக்கத்து ஸ்டேஷனுக்கு விட வேண்டும். அடுத்த முறை கண்டக்டர் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா’ என்றால் ஞாபகப்படுத்துங்கள்.

? டிஸ்மிஸ் உத்தரவில் கையெழுத்துப் போடுவது எந்த அதிகாரியானால் என்ன?
*நத்தம் வாசகர்*

! அங்கேதான் பல கேஸ் கவிழும். அரசியல் சாசனத்தின் 311-வது பிரிவுப்படி, நியமித்த அதிகாரிக்குக் கீழே உள்ளவர் டிஸ்மிஸ் செய்ய முடியாது. டி.ஐ.ஜி. நியமித்தவரை எஸ்.பி. அனுப்பினால், போன வேகத்தில் திரும்பி வருவார்.

? விசாரணையே இல்லாமல் அனுப்ப வழி உண்டா?
*வேடசந்தூர் வாசகர்*

! உண்டு, விதிவிலக்காக. விசாரணை நடத்துவது நடைமுறையில் முடியாது என்றால், காரணத்தை எழுதிவைத்து அனுப்பலாம். மும்பையில் போலீஸ் அதிகாரி சச்சின் வாஸேயை 2021-ல் இப்படித்தான் டிஸ்மிஸ் செய்தார்கள். ‘முடியாது’ என்பதற்கும் ‘சோம்பலாக இருக்கிறது’ என்பதற்கும் வித்தியாசம் உண்டு. கோர்ட் அதைத் தோண்டும்.

? சின்னத் தப்புக்கு டிஸ்மிஸ் என்றால்?
*நிலக்கோட்டை வாசகர்*

! ‘கொஞ்சம் அதிகம்’ என்றால் கோர்ட் தொடாது. மனசாட்சியை உலுக்குகிற அளவு அதிகம் என்றால்தான் தலையிடும். அப்போதும் பெரும்பாலும், ‘தண்டனையை மறுபடி யோசியுங்கள்’ என்று ஃபைல் துறைக்கே திரும்பும்.

? போலீஸுக்கு இவ்வளவு பாதுகாப்பு தேவையா?
*சின்னாளபட்டி வாசகி*

! தேவை. மேலதிகாரிக்குப் பிடிக்காத நேர்மையான ஏட்டையாவுக்கும் இதே பாதுகாப்புதான். கெட்டவரைத் திரும்பக் கொண்டுவருவது அநேகமாக அவசரத்தில் கட்டிய விசாரணை ஃபைல். ஆனால், ‘நோட்டீஸ் வரவில்லை, என் தரப்பைக் கேட்கவில்லை’ என்று ரிட் மனுவில் புலம்புகிற காக்கி, ஸ்டேஷனுக்கு வந்தவர் தரப்பை என்றைக்காவது கேட்டதுண்டா? கோர்ட் இதைக் கேட்காது. நீங்கள் கேட்கலாம்.